பலன் நமக்கு, மூலம் அமானிதம்

(ஆமத்தூரில் நடந்த அறக்கட்டளைப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

  

 

இன்று ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் முடிவைக் கேட்க நிற்கிறேன். ஓடைக்கரையில் நம் அறக்கட்டளைக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. ஏழைகளுக்காக என்று நிய்யத் வைத்து ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்த நிலம். இப்போது சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, வருமானம் எதுவும் இல்லை. அதைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு சகோதரர் வந்திருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிப் பயிற்சிக்கும் குதிரை வைத்திருப்பவர். வேலி போட்டு, லாயம் கட்டி, குதிரைகளை அங்கே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். நியாயமான தொகை தரவும் தயார். மாதாந்திர உதவி கேட்டு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விதவைத் தாய்மார்களின் பட்டியல் என் கோப்பில் இருக்கிறது. இந்தக் குத்தகை வந்தால் அதில் சில பெயர்களுக்கு நேராக இந்த வருடமே தொகை எழுத முடியும்.

மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றலாமா கூடாதா என்பதை ஹஸ்ரத்மார்கள் சொல்வார்கள், அது இன்றைய பொருள் அல்ல. இன்றைய கேள்வி, குதிரை வந்தால் நிலம் என்ன ஆகும், ஓடை என்ன ஆகும் என்பதுதான்.

கூட்டத்துக்கு முன்பே சிலர் என்னிடம் சொன்னார்கள், "வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிற ஓடைக்கு இவ்வளவு யோசனையா?" என்று. அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எப்போதும் தண்ணீர் ஓடும் ஆற்றை விட, காய்ந்து கிடக்கும் ஓடைக்குத்தான் அதிகக் காவல் வேண்டும். ஆற்றில் விழுந்த அழுக்கு அன்றன்றைக்குப் போய்விடும். நம் ஓடையில் பத்து மாதம் விழுவதெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த முதல் மழை பத்து மாதச் சாணத்தையும் குப்பையையும் ஒரே நாளில் வாரி எடுத்துக் கண்மாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கண்மாய்த் தண்ணீர் தேங்கி நிற்கும் தண்ணீர். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று எச்சரித்திருக்கிறார்கள். ஒரு மனிதர் அசுத்தம் செய்வதற்கே இந்த எச்சரிக்கை என்றால், ஒரு லாயத்தின் மொத்தக் கழிவையும் கண்மாய்க்கு அனுப்புகிறவரின் நிலை என்ன?

சகோதரர்களே, குதிரைக்கும் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நம் மார்க்கத்தில் ஒரு வரலாறு உண்டு. அறியாமைக் காலத்து அரபு நாட்டில் செல்வாக்கு மிக்க தலைவன் ஒரு நல்ல மேய்ச்சல் இடத்துக்குப் போனால், உயரமான இடத்தில் தன் நாயைக் குரைக்க விடுவானாம். அதன் சத்தம் எட்டும் தூரம் வரை தனக்கே சொந்தம் என்று வளைத்துக்கொள்வானாம். மற்றவர்களின் மேய்ச்சலிலும் பங்கு எடுத்துக்கொள்வானாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதை விவரித்திருக்கிறார்கள். அப்படி ஒதுக்கிய நிலத்துக்கு ஹிமா என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது இனி அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் மட்டுமே, அதாவது பொது நன்மைக்கு மட்டுமே என்று ஆக்கினார்கள். அப்படி அவர்கள் ஒதுக்கிய இடம் அந்நகீஉ. மதீனாவுக்குத் தெற்கே, அகீக் ஓடைப் பள்ளத்தாக்கின் மேற்பகுதி. எதற்காக ஒதுக்கினார்கள்? முஸ்லிம்களின் பொதுக் குதிரைகள் மேய்வதற்காக. ஆகவே குதிரை மேய்ச்சலுக்கு நிலத்தை ஒதுக்கி, எல்லை வகுத்து, காவல் வைப்பது நமக்குப் புதிதல்ல.

உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஹுனைய் என்பவரை ஹிமாவுக்குப் பொறுப்பாளராக வைத்தார்கள். அவரிடம் சொன்ன புத்திமதி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இதுதான்: மக்களிடம் மென்மையாக நடந்துகொள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு. கொஞ்சம் ஒட்டகம், கொஞ்சம் ஆடு வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே. அவர்களின் கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கிறது. சிறிய மந்தைக்காரனின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான். அப்போது தங்கமும் வெள்ளியும் கொடுப்பதை விட இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு எளிது.

இப்னு அவ்ஃபும் இப்னு அஃப்பானும் யார்? சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற ஸஹாபாக்கள். அவர்களுடைய மந்தைக்கே அந்த நிலை என்றால், வாடகை தருகிறார் என்பதற்காக ஒருவருக்கு ஓடைக்கரை முழுவதையும் அடைத்துக் கொடுக்க முடியுமா? நம் ஓடைக்கரையில் நாலு ஆடு, ஐந்து ஆடு ஓட்டிவரும் பெண்கள் இருக்கிறார்கள். நம் மஹல்லாவாசிகளும் உண்டு, அல்லாத சகோதரிகளும் உண்டு. விதவைத் தாய்க்கு உதவித்தொகை கொடுப்பதற்காக இன்னொரு விதவையின் ஆட்டை விரட்டுவது தர்மம் ஆகாது.

அடுத்து, குதிரையைப் பற்றியே ஒரு ஹதீஸ். அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச்சுமை என்று நபி (ஸல்) அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். அல்லாஹ்வின் பாதையில் குதிரை வளர்ப்பவருக்கு அது புல்வெளியில் மேய்வதெல்லாம் நன்மை. அவர் நினைக்காமலே அது ஓர் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் குடித்தால் அதுவும் நன்மை. அதன் லத்தியும் குளம்படியும் கூட நன்மைக் கணக்கில் வருகின்றன. பிழைப்புக்காக வளர்த்து, அதில் அல்லாஹ்வுக்குரிய ஹக்கை மறக்காதவருக்கு அது வறுமையை மறைக்கும் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் வளர்ப்பவருக்கு அது சுமை. மூவரிடமும் இருப்பது குதிரைதான். அதை வைத்திருக்கும் விதம்தான் வேறு. நம்மிடம் நிலம் கேட்டிருப்பவர் இரண்டாவது வகையில் வர விரும்புகிறவர் என்று நல்லெண்ணம் வைப்போம். ஹக்கை மறக்காமல் இருக்க அவருக்கு உதவுவது நம் கடமை.

நம் தமிழ்நாட்டுக் கரையிலும் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைமுகங்களிலிருந்து காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்தன. பாண்டிய மன்னர்களிடம் உயர்ந்த பொறுப்பில் இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் பிரமுகரின் பெயரைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். காரணமும் சொன்னார்: லாடம் அடித்துப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, கவனிப்பு சரியில்லை. தீவனமும் ஒத்துவராத தீவனமாக இருந்தது என்பது அவர்கள் இருவர் எழுத்திலும் தெரிகிறது. பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கத் தெரிந்தது, நிலத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இது இயல்பாகக் குதிரை வளரும் பூமி அல்ல. ஆகவே இங்கே குதிரை வைப்பவர் கணக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். நம் பக்கத்தில் வைத்திருக்கும் நடுத்தரக் குதிரை ஒன்று நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை காய்ந்த தீவனம் தின்னும். 30 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும், கோடையிலும் வேலை நாளிலும் இன்னும் கூடும். லத்தியும் மூத்திரமுமாக 15 முதல் 20 கிலோ கழிவு வரும். நாலு குதிரை என்றால் நாளுக்கு 60 முதல் 80 கிலோ. ஒரு வருடத்துக்கு 22 முதல் 29 டன். அத்தனையும் அந்த மூன்று ஏக்கரில் விழும். மானாவாரிப் புல்லை மட்டும் நம்பி மூன்று ஏக்கரில் நாலு குதிரையை வளர்க்க முடியாது. சோளத்தட்டையும் புல்லும் கொள்ளும் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். தீவனம் வெளியிலிருந்து வருகிறது, கழிவு இங்கே தங்குகிறது. சிக்கலின் வேர் அங்கேதான்.

இன்னொன்று, மாடு நாக்கால் புல்லைச் சுருட்டி இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, வேர் வரை ஒட்டக் கடித்துவிடும். தான் லத்தி போட்ட இடத்தில் மேயாது, மற்ற இடத்தையே திரும்பத் திரும்ப மேயும். கொஞ்ச நாளில் ஒரு பக்கம் கட்டாந்தரை, ஒரு பக்கம் களை என்று நிலம் பிரிந்துவிடும். ஈரக் கரிசலில் குளம்பு மிதித்தால் மண் இறுகிப்போகும், பிறகு மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. ஓடைக்கரையில் மிதித்தால் கரை சரிந்து ஓடைக்குள் மண் விழும். ஓடை தூர்ந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே" என்று நினைப்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்துப் பலனைத் தர்மம் செய்யும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்கும் போகாது. வக்ஃபின் உயிர் இதுதான். நம் மூன்று ஏக்கரில் வாடகை பலன். மண்ணும் கரையும் தண்ணீரும் மூலம். மண் இறுகி, கரை சரிந்து, தண்ணீர் கெட்டுப்போன பிறகு பத்திரத்தில் நம் பெயர் மட்டும் இருந்தால், பத்திரம் எழுதாமலே மூலத்தை விற்றுவிட்டோம் என்றுதான் அர்த்தம். எழுதிக் கொடுத்த பெரியவருக்கு மறுமையில் என்ன பதில் சொல்வோம்? மூலம் கெடாமல் பலன் வந்தால் மட்டுமே அது ஸதகா ஜாரியா.

ஆகவே குத்தகை கொடுக்கலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு, முதலில் ஓராண்டுக்கு மட்டும் என்பது நிர்வாகக் குழுவின் கருத்து. நிபந்தனைகளைச் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. நாலு குதிரைக்கு மேல் கூடாது. வருமானம் கூடும் என்று நாமே கூட்டிக் கேட்கவும் கூடாது.

இரண்டாவது, எல்லை. கால்நடைக்குத் தண்ணீர் காட்டும் கிணற்றைச் சுற்றி 40 முழம் ஹரீம், அதாவது காப்பு எல்லை என்று ஹதீஸில் வருகிறது. முழம் ஒன்றரை அடி என்றால் 60 அடி. கிணற்றுக்குச் சொன்ன அந்த அளவை நம் ஓடைக்கும் வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து 60 அடிக்குள் குதிரையின் குளம்பு படக் கூடாது, வேலி அங்கேதான் நிற்க வேண்டும். லாயமும் லத்திக்குழியும் 100 அடிக்கு அப்பால். அந்த 60 அடியில் சீமைக்கருவேலை வேரோடு எடுத்துவிட்டு, பனையும் புங்கையும் வேம்பும் வைப்போம், இடையில் கொழுக்கட்டைப்புல் விதைப்போம். மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மேலிருந்து வரும் கழிவுநீரையும் தடுத்து நிறுத்தும். அழகுக்காக அரளி வைக்கக் கூடாது, ஆமணக்கும் கூடாது. இரண்டும் குதிரைக்கு விஷம்.

மூன்றாவது, ஆட்டுப்பாதை. அந்த 60 அடிப் பட்டையில் கன்றுகள் தலைதூக்கும் வரை ஒரு பாதை மட்டும் விடுவோம். அதன் பிறகு முன்பு மேய்த்தவர்கள் முறை வைத்து ஆடு மேய்க்கலாம்.

நான்காவது, தண்ணீர். குதிரையை ஓடைக்குள் இறக்கக் கூடாது. தொட்டியில்தான் தண்ணீர் காட்ட வேண்டும். குதிரையைக் குளிப்பாட்டும் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் மரத்தடிக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, லத்தி. தினமும் அள்ள வேண்டும். மழைநீர் புகாத மேடான இடத்தில், மேலே கூரை போட்டு, தட்டைக்கூளத்தோடு கலந்து குவிக்க வேண்டும். சரியான ஈரத்தோடு அடிக்கடி கிளறிவிட்டால் குவியலின் உள்சூடு 55 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் புழு முட்டையும் களை விதையும் சாகும். இது முக்கியம், ஏனென்றால் சீமைக்கருவேல் நெற்றைக் கால்நடை தின்றால் விதை சாணத்தின் வழியே வெளிவந்து போகிற இடமெல்லாம் முளைக்கும். மக்கிய உரத்தை நம் விவசாயிகள் எடுத்துக்கொள்ளட்டும். குதிரைக்குப் புழு மருந்து கொடுத்த நாட்களின் லத்தியை மேய்ச்சலில் விடாமல் தனியாகக் குவிக்க வேண்டும். அதில் இருக்கும் மருந்து, சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் வண்டுகளைக் கொல்லக்கூடியது.

ஆறாவது, மேய்ச்சல் முறை. வேலிக்குள் இருக்கும் நிலத்தை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விட வேண்டும். புல் நாலு விரல்கிடை உயரத்துக்கு வந்ததும் அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குதிரை நிலத்தில் இறங்கக் கூடாது, லாயத்திலும் மணல் முற்றத்திலும் நிற்கட்டும்.

ஏழாவது, நோய். குதிரைகளுக்குக் கிளாண்டர்ஸ் என்றொரு தொற்றுநோய் உண்டு. பொதுத் தொட்டித் தண்ணீர் வழியே பரவும், மனிதருக்கும் வரும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. கால்நடை மருத்துவர் மூலம் ரத்தப் பரிசோதனை செய்த சான்று இல்லாமல் புதுக் குதிரை உள்ளே வரக் கூடாது. லத்தி கிடக்கும் மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும். அங்கே வேலை செய்பவர்களும் வேடிக்கை பார்க்கப் போகும் நம் பிள்ளைகளும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குதிரை இறந்தால் ஓடையில் இழுத்துப் போடாமல், சுண்ணாம்பு போட்டு, தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்குச் சட்டம் சொன்னதோடு நிற்காமல் ஆளையும் வைத்தார்கள் அல்லவா? அந்தக் குழுவில் ஓர் ஆடு மேய்ப்பவர், ஓடைக்குக் கீழே பாசனம் செய்யும் ஒரு விவசாயி, இரண்டு இளைஞர்கள் இருக்கட்டும். விவசாயி நம் ஜமாஅத்தைச் சேராதவராக இருந்தாலும் இருக்கட்டும். ஹர்ரா வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் தகராறு வந்தபோது, மேலே இருப்பவர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டுக் கீழே இருப்பவருக்கு விட வேண்டும் என்பதே தீர்ப்பின் அடிப்படையாக இருந்தது. கீழே இருப்பவருக்கும் உரிமை உண்டு. அவருக்கு நாம் விடும் தண்ணீர் சுத்தமாகவும் இருக்க வேண்டும். வாடகையில் பத்தில் ஒரு பங்கைக் கரைக்கும் மரத்துக்கும் என்று தனியாக எடுத்துவைப்போம். குழு மாதம் ஒருமுறை பார்த்து எழுதுவதை இதே இதழில் போடுவோம்.

சகோதரர்களே, கடைசியாக ஒரு சொல், கசப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்காரருக்கு ஏழு நிபந்தனை சொன்னோம். இப்போது அந்த ஓடையில் கிடப்பது குதிரை லத்தி அல்ல. கறிக்கடைக் கழிவு கிடக்கிறது, கோழி இறகு மூட்டை கிடக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு குர்பானிக் குடலும் கிடக்கிறது. வணக்கமாகக் கொடுத்த பிராணியின் மிச்சத்தை ஊர் குடிக்கும் தண்ணீர் வழியில் போடுவது எப்படித் தகும்? பயர் ஆபீஸ் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். வீட்டுக்கு வரும் குழாய்க் காகிதம், ஒட்டிய மருந்துத் தூள், வாளி கழுவிய தண்ணீர் எதுவும் ஓடைப்பக்கம் போகக் கூடாது. வெடியுப்பும் பேரியமும் கலந்த தண்ணீரைக் குடித்த ஆடு பிழைப்பது அரிது. நாம் நம்மைக் கட்டுப்படுத்தாமல் குத்தகைதாரரை மட்டும் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே இந்த வருடம் குர்பானிக் கழிவுக்கு ஜமாஅத் சார்பில் பொதுக்குழி தோண்டுவோம். இதை எட்டாவது நிபந்தனையாக, நம் மேல் நாமே போட்டுக்கொள்ளும் நிபந்தனையாக, இதே தீர்மானத்தில் சேர்க்கக் கோருகிறேன்.

இந்த நிபந்தனைகளைக் கேட்டு அந்தச் சகோதரர் பின்வாங்கினால் வருத்தப்பட வேண்டாம். வாடகை இல்லாமல் போனால் அந்தத் தாய்மார்களுக்கு வேறு வழியில் கை கொடுக்க முடியும். ஓடை போனால் யாரிடம் போய்க் கேட்பது? அவர் ஒப்புக்கொண்டால் அல்ஹம்துலில்லாஹ், அவருக்கும் பிழைப்பு, ஏழைக்கும் உதவி, நிலத்துக்கும் காவல்.

இப்போது தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள். மறுப்பு இருப்பவர்கள் எழுந்து தாராளமாகச் சொல்லுங்கள், நிர்வாகக் குழு கேட்டுக்கொள்ளும். தாய்மார்கள் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

நம் கையில் இருக்கும் அமானிதத்தை வாங்கியதைவிட நல்ல நிலையில் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.